ஒரு தோள், மூன்று பலூன்: கட்டிங் வீல் துண்டு கிழித்த அக்குள் தமனி

கிரில் பட்டறையில் வேலை பார்க்கும் பையன்களில் பலர் நாலு இஞ்ச் கிரைண்டருக்குக் காப்புத் தகடு உண்டு என்பதையே பார்த்திருக்க மாட்டார்கள். புது மெஷின் வந்த அன்றே மேஸ்திரி அதைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிடுவார். மூலையில் வைத்து அறுக்க இடைஞ்சலாம். மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். அந்தச் சுற்றில் 100 மி.மீ. வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிடும். சதுரக் குழாய்க்குள் வட்டு சிக்கி உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த நோயாளிக்கு அது இடது காறையெலும்புக்குக் கீழே பாய்ந்தது. வயது 27. மதுரைச் சுற்றுச்சாலையை ஒட்டி நாலு பேர் மட்டும் வேலை பார்க்கும் பட்டறை. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ரத்தக்குழாய்க்குள் கத்தீட்டர் எனும் மெல்லிய குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் மருத்துவன் நான். சிகிச்சை விவரங்களில் கை வைக்கவில்லை, நான் செய்த தவறு உட்பட.

முதல் அரைமணி நேரம்

மாலை 4.20. பக்கத்தில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிக் காயத்தில் திணித்து, உள்ளங்கையால் அழுத்தியபடியே ஆட்டோவில் ஏற்றிவிட்டார். போய்ச் சேர்ந்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ட்யூட்டியில் இருந்தவர் எம்.பி.பி.எஸ். முடித்து இரண்டு வருடம்கூட ஆகாத டாக்டரம்மா. துண்டை எடுத்துப் பார்த்ததும் ரத்தம் அவர் முகக்கவசம் வரை பீய்ச்சியிருக்கிறது.

கை, கால் என்றால் காயத்துக்கு மேலே இறுக்கும் பட்டையான டூர்னிக்கே கட்டலாம். காறையெலும்புக்கு அடியில், மார்பும் தோளும் கூடும் இடத்தில், கட்டுவதற்கு வழி கிடையாது. விரலை உள்ளே விட்டாலும் எலும்பு மறிக்கும், தமனி அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். துணி அடைத்தால் மேலே நின்றது போல் தெரியும், உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். மதுரையைச் சுற்றி எங்கிருந்து இந்த இடத்துக் காயம் வந்தாலும், மாடு முட்டியதோ கத்திக்குத்தோ, சிக்கல் இதேதான்.

அவர் செய்தது இது. சிறுநீர் டியூபாக வார்டில் கிடக்கும் 18 பிரெஞ்ச் (குழாயின் தடிமனைச் சொல்லும் அளவு) ஃபோலி கத்தீட்டரை எடுத்து, துண்டு போன பாதையிலேயே காயத்துக்குள் விட்டார். தடுக்கும் வரை விட்டபின், ரத்தம் நிற்கிற அளவுக்கு மட்டும் நுனிப் பலூனில் தண்ணீர் ஏற்றினார். குழாயின் உள்வழியாக ரத்தம் வராமல் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் வாயைக் கவ்வினார். பலூன் வெளியே பிதுங்காதபடி தோலைச் சுற்றி மூன்று தையல். அவ்வளவுதான்.

அவர் கொடுத்தனுப்பிய கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம், நாலு வரி, ஓரத்தில் ரத்தக்கறை. "ஃபோலி 18. பலூனில் 12 மில்லி. நேரம் 4.50. இடது மணிக்கட்டில் பல்ஸ் இல்லை. விரல்களை நீட்டச் சொன்னால் சரியாக நீட்டவில்லை. டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம் கொடுத்தாச்சு. டி.டி. போட்டாச்சு." டிரானெக்சாமிக் ஆசிட் ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து, டி.டி. ரணஜன்னித் தடுப்பூசி. இதைவிட நல்ல ரெஃபரல் கடிதத்தை நான் பார்த்ததில்லை. பலூனில் எத்தனை மில்லி என்ற அந்த ஒரு எண் மூன்று மணி நேரம் கழித்து எங்களுக்கு எவ்வளவு உதவியது என்பது பின்னால் வருகிறது.

ஃபோலியைக் காயத்துக்குள் விட்டது தகாத காரியம் என்று எங்கள் இளையவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். உண்மையில் அந்தக் குழாய் பிறந்ததே ரத்தத்தை நிறுத்தத்தான். அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி, புராஸ்டேட் அறுவைக்குப் பின் வரும் ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்துவதற்காகவே குழாய் நுனியில் பலூன் வைத்தார். 1937-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அதற்கு "ரத்தம் நிறுத்தும் பைக் கத்தீட்டர்" என்றுதான் பெயர். சிறுநீர் எடுக்கும் வேலை அதோடு ஒட்டிக்கொண்டது.

எங்களிடம் வந்தபோது

வெள்ளிக்கிழமை சாயங்காலப் போக்குவரத்தில் 108 வந்து சேர 5.40 ஆனது. பி.பி. 84/50, வலது கையில் பார்த்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவசரத்தில் எந்தக் கை வாகாக இருக்கிறதோ அதில் பட்டையைச் சுற்றும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அறுந்த பக்கத்தில் பார்த்துவிட்டு "பி.பி. கிடைக்கவில்லை" என்று பதறி, லிட்டர் லிட்டராக சலைன் ஏற்றினால், ஒட்டிக்கொண்டிருக்கிற ரத்தக் கட்டியும் அடித்துக்கொண்டு போய்விடும். பல்ஸ் 128. பெயர் சொன்னான், ஊர் சொன்னான், தண்ணீர் கேட்டான். இடது உள்ளங்கை சில்லிட்டிருந்தது. ஆக்ஸிமீட்டரை இடது விரலில் மாட்டினால் கோடு தட்டையாக ஓடியது. காறையெலும்புக்குக் கீழே ஒரு கொய்யாப்பழம் அளவுக்கு வீக்கம், நடுவில் ஃபோலி துருத்திக்கொண்டு.

மேல் பி.பி. 80, 90 இருந்தால் போதும், அதற்கு மேல் தூக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். பையன் பேசுகிறான், மூளைக்கு ரத்தம் போகிறது. சலைனைக் குறைத்து ரத்தமும் பிளாஸ்மாவும் தொடங்கினோம்.

நிலை மோசமாகாமல் நிற்கிறது என்பதால், ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோவுக்கு அனுப்பினோம். படத்தில் மூன்று விஷயம் தெரிந்தது. முதல் விலாவைத் தாண்டியதும், அதாவது காறையெலும்புக்கு அடியில் ஓடும் சப்கிளேவியன் தமனி அக்குள் தமனி என்று பெயர் மாறும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பாதிச் சுற்றளவுக்கு மேல் கிழிந்திருக்கிறது. அதை ஒட்டி 4 செ.மீ. ரத்தக் குகை, அதற்குள் ஃபோலி பலூன் கறுப்பு வட்டமாக. வட்டின் துண்டு, விரல் நகம் அளவு, வெள்ளையாகத் தமனிக்குப் பின்னால் நரம்புக் கற்றையை ஒட்டி நிற்கிறது. நெஞ்சுக்குள் ரத்தம் இறங்கவில்லை. பையனுக்கு அது பெரிய அதிர்ஷ்டம்.

கத்தியா, கத்தீட்டரா

ரத்தநாள அறுவை நண்பர் சி.டி.யைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர் கணக்கு நியாயமானது. திறந்து செய்வதென்றால் கிழிசலுக்கு மேலே நல்ல தமனியைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இடது சப்கிளேவியன், இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவிலிருந்து நேராகப் புறப்படுகிறது. ரத்தம் ஊறிய திசுவுக்குள் அதைத் தேட, காறையெலும்பை அறுக்க வேண்டியிருக்கும், சமயத்தில் நெஞ்சையே திறக்க வேண்டியிருக்கும். அதே சமயம், தமனிக்குள் விரித்து வைக்கும் கம்பிவலைக் குழலான ஸ்டென்ட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. "27 வயசுப் பையன். அழுக்குக் காயம். தினமும் நூறு தடவை மடங்குற தோள். நீங்க போட்டுட்டுப் போயிடுவீங்க, அடைச்சா என்கிட்டதான் வருவான்."

இரண்டும் உண்மை. பேசி ஒரு வழிக்கு வந்தோம். முதலில் உள்ளிருந்து பலூனால் மேல்பக்கத்தை அடைப்பது. அதன்பின், ஓட்டையை மூடும்படி உறையிட்ட ஸ்டென்ட் ஏறினால் ஏற்றுவது, ஏறாவிட்டால் பலூனைக் காவல் வைத்துவிட்டு அவர் திறப்பது. ஸ்டென்ட் போட்டாலும் காயத்தைக் கழுவித் துண்டை எடுக்கும் வேலை அவருடையது.

மயக்க மருந்து மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: "மகாதமனியிலேயே பலூன் போட்டு நிறுத்திட்டா என்ன?" நல்ல கேள்வி, ஆனால் இந்த இடத்துக்குப் பொருந்தாது. அந்தப் பலூன் நிற்பது இடது சப்கிளேவியன் பிரிந்த பிறகு, இறங்கு மகாதமனியில். கீழே அடைத்தால் மேலே அழுத்தம் ஏறும், கிழிசலில் இன்னும் வேகமாகக் கொட்டும். வயிறு, இடுப்பு ரத்தப்போக்குக்கு உள்ள உத்தி அது. அங்கும் அது மந்திரக்கோல் இல்லை. கொரியப் போரில் அடிபட்ட இரண்டு வீரர்களுக்கு மகாதமனி பலூன் போட்டதை 1954-இல் அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் கார்ல் ஹியூஸ் எழுதினார், இருவரும் பிழைக்கவில்லை. 2023-இல் பிரிட்டனில் 90 பேரை வைத்து வெளியான ஆய்விலும் பலூன் சேர்த்த பிரிவில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 54 சதவீதம், சேர்க்காத பிரிவில் 42. பலூனின் பயன்பாடு பெருகியிருக்கிறது என்பதற்காக எல்லா ஓட்டைக்கும் அதுவே மூடி என்று நினைத்துவிடக் கூடாது.

என் தவறு

6.40-க்கு, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி கத்தீட்டர் வேலை செய்யும் அறையான கேத் லேப் மேஜையில். முழு மயக்கம் வேண்டாம், தொடையில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போதும் என்றார் மயக்க மருந்து மருத்துவர். தூங்கவைக்கும் மருந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்தும், இருக்கிற பி.பி.யும் விழும். மேலே பலூன் நின்றபிறகு தூங்கவைக்கலாம் என்றார். முற்றிலும் சரி.

வலது தொடைத் தமனியில் அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி, ஊசி வழியே வயர், வயர் மேல் கருவிகள் போகும் உறைக்குழாயான ஷீத். ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் 1953-இல் எழுதிய அதே மூன்று அசைவுதான் இன்றைக்கும். 9 பிரெஞ்ச் நீள ஷீத்தை இடது சப்கிளேவியன் வாய்வரை கொண்டுபோய் முதல் படம் எடுத்தேன். ஃபோலி பலூன் தமனியை நசுக்கிக்கொண்டிருந்ததால் கிழிசலின் அளவு தெரியவில்லை. "ஃபோலியைக் கொஞ்சம் இறக்குங்க, ஒரு படம் எடுத்துக்கறேன்" என்றேன்.

இறக்கியிருக்கக் கூடாது. ஸ்டென்ட் அளவு பார்க்கும் அவசரத்தில், அதாவது சரிசெய்யும் வேலைக்கு மனம் போய்விட்டதில், கட்டுப்படுத்தும் வேலை இன்னும் முடியவில்லை என்பதை மறந்தேன். மேலே என் பலூன் தயாராகக்கூட இல்லை, டிரேயில் உறையோடு கிடந்தது. தண்ணீர் பாதி வெளியேறுவதற்குள் கட்டி தெறித்து, காயத்திலிருந்து ரத்தம் விரிப்பை நனைத்துத் தரையில் சொட்டும் சத்தம் கேட்டது. பி.பி. 58. திரும்ப 12 மில்லி ஏற்றினார்கள்; இடம் நழுவியதால் நிற்கவில்லை. அறுவை நண்பர் முஷ்டியை மடக்கிக் காயத்தின் மேல் தன் முழு எடையையும் வைத்து அழுத்தினார். நான் 10 மி.மீ. பலூனை உறை கிழித்து வயர் மேல் ஏற்றி, முதுகெலும்புத் தமனி பிரியும் வாயைத் தாண்டி வைத்து, 4 அட்மாஸ்ஃபியர் அழுத்தத்தில் ஊதி முடிக்க இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகியிருக்கும். போன ரத்தம் ஏறக்குறைய 400 மில்லி.

முதுகெலும்புத் தமனியை ஏன் தாண்டினேன் என்றால், அது மூளையின் பின்பகுதிக்குப் போகிற குழாய். அதை அடைப்பது கடைசிக் கட்டத்தில் மட்டும்.

பலூன் நின்றதும் பீய்ச்சுவது அடங்கியது, ஆனால் ரத்தம் முழுக்க நிற்கவில்லை. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். தோள்பட்டையைச் சுற்றி சிறு தமனிகள் வலை போலப் பின்னிக்கிடக்கின்றன. மேல்மடையை அடைத்தாலும் பக்க வாய்க்கால் வழியாகச் சுற்றி வந்து, கிழிசலின் கீழ்வாயிலிருந்து எதிர்த்து ஊறும். ஃபோலியை மறுபடி உள்ளே தள்ளி 15 மில்லி ஏற்றித் தோலை இறுக்கித் தைத்த பிறகுதான் விரிப்பில் சிவப்பு பரவுவது நின்றது. வெளியே ஒரு பலூன், உள்ளே ஒரு பலூன். அப்போது பையனைத் தூங்கவைத்தார்கள்.

பாதாளக்கரண்டி

அடுத்த வேலை, கிழிசலைத் தாண்டி வயரை மறுகரை சேர்ப்பது. பாதிக்கு மேல் அறுந்த குழாயில் வயர் எப்போதும் சுலபமான வழியைத்தான் எடுக்கும், அதாவது குகைக்குள் விழும். வழுக்கும் வயர், வளைந்த நுனி, மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் திரையில் வயர் குகைக்குள் போய் ஜிலேபி சுற்றியது. இப்படியே குத்திக்கொண்டிருந்தால் மிச்சமிருக்கும் சுவரும் போய்விடும்.

முழங்கை மடிப்பில் பல்ஸ் இல்லை. அல்ட்ராசவுண்ட் வைத்து அங்கே தமனியைத் தேடிப் பிடித்து, கீழிருந்து மேலாக இன்னொரு வயர் விட்டோம். அதுவும் அதே குகையில் வந்து விழுந்தது. நல்லதாகப் போயிற்று. கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக்கரண்டி இறக்கித் துழாவுவோமே, அதே வேலைக்கு எங்களிடம் கம்பிக் கண்ணி இருக்கிறது. மேல் பலூனைச் சுருக்கி வெளியே எடுத்து, அதே வழியாகக் கண்ணியைக் குகைக்குள் இறக்கினேன். அந்த நாலு நிமிடமும் காவலுக்கு ஃபோலி மட்டும்தான், அதன்மேல் நண்பரின் கை. இரண்டாவது சுற்றில் கண்ணி கீழ் வயரின் நுனியைக் கவ்வியது. இறுக்கி, தொடை வழியாக வெளியே இழுத்தேன். இப்போது ஒரே வயர் முழங்கையில் நுழைந்து, கிழிசலைக் கடந்து, தொடையில் வெளிவருகிறது. இரு முனையையும் இருவர் பிடித்து இழுத்தால் கொடிக்கயிறு போல விறைத்து நிற்கும். அதன்மேல் எதையும் ஏற்றலாம்.

தமனியின் குறுக்களவு 7 மி.மீ. 8 மி.மீ. அகலம், 60 மி.மீ. நீளத்தில் உறையிட்ட ஸ்டென்ட், தானாக விரியும் வகை. ஊதி விரிக்கும் வகை இந்த இடத்துக்கு ஆகாது. நசுங்கினால் நசுங்கியபடியே நிற்கும். மேல் நுனி காறையெலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடையிலான இடுக்குக்குள் போகாமல் பார்த்துக்கொண்டோம், அங்கே இரண்டு எலும்பும் கத்தரிக்கோல் மாதிரி. தோள்பட்டைக்குப் போகும் ஒரு கிளையின் வாய் மூடிப்போனது. அதன் வழியே எதிர்த்து வரும் ரத்தமும் நின்றதால் வருத்தமில்லை.

ஸ்டென்ட் விரிந்தபின் அறையில் இருந்த யாரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் காயத்தின் மேல். ஃபோலியில் 15 மில்லி இருக்கிறது என்று தெரியும். இந்த முறை இரண்டிரண்டு மில்லியாக எடுத்தோம். சிஸ்டர் சத்தமாக எண்ணினார். பதிமூன்று. பதினொன்று. ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட இடைவெளி. முதல் ஆஸ்பத்திரியில் ரத்தம் அடங்கியது 12-இல் என்று கடிதம் சொன்னது. அந்த எல்லையைத் தாண்டி ஒன்பதிலும் காயம் காய்ந்து கிடந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்றில் கொஞ்சம் பழைய கறுப்பு ரத்தம் கசிந்து நின்றது. சுழியம். 7.55.

மூன்றாவது பலூன்

படத்தில் ஸ்டென்ட் வழியே ரத்தம் நேராக ஓடியது, ஆனால் மேல்கை நடுவில் முட்டி நின்றது. இத்தனை நேரம் தேங்கியதில் உறைந்த கட்டி. ரத்தம் வழிந்துகொண்டிருந்தவரை, உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை முழு அளவில் கொடுக்கவில்லை, ஷீத்தைக் கழுவும் அளவு மட்டும். அதற்கு இது விலை. ஓட்டை அடைந்த பிறகுதான் 2,500 யூனிட் கொடுத்தோம்.

கட்டியை எடுத்தது அறுவை நண்பர். முழங்கை மடிப்பில் இரண்டு விரல் நீளம் கீறி, 4 பிரெஞ்ச் ஃபோகார்டி கத்தீட்டரை மேலே விட்டு, நுனிப் பலூனை ஊதி மெல்ல இழுத்தார். தமனியின் அச்சாகவே ஒரு கறுப்புப் புழு வழுக்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே சிவப்பு. இந்தக் கருவிக்கும் பட்டறைப் புத்திதான் மூலம்: அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஃபோகார்டி தன் முதல் மாதிரியை ஒரு சிறுநீர்க் கத்தீட்டர் நுனியில் ரப்பர் கையுறை விரலை, தூண்டில் ஈ கட்டும் முடிச்சால் கட்டித்தான் செய்தார். 1963-இல் எழுதி வெளியிட்டார்.

8.40-க்கு இடது மணிக்கட்டில் பல்ஸ் விரலில் இடித்தது. பிறகு அவர் காயத்தை அகலமாக்கி, கட்டி ரத்தத்தை வழித்தெடுத்து, வட்டின் துண்டை எடுத்தார். ஒரு பக்கம் கண்ணாடி நார் வலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நரம்புக் கற்றை அறுபடவில்லை, நசுங்கியிருந்தது. காயத்தைத் தைக்காமல் திறந்தே வைத்து, மூன்றாம் நாள் தைத்தோம். முன்கை வீங்கி இறுகவில்லை என்பதால், அழுத்தத்தைக் குறைக்கத் தசை உறையைக் கீற வேண்டியிருக்கவில்லை. ராத்திரி முழுக்க மணிக்கொரு முறை அமுக்கிப் பார்த்தோம். மொத்தம் ஐந்து யூனிட் ரத்தம், நாலு பிளாஸ்மா.

வெளியே அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது உயிரைப் பற்றி இல்லை. "அய்யா, எம்புள்ளைக்குக் கை வேலை செய்யுமா?" விரல் நீட்டும் சக்தி மேஜைக்கு வரும் முன் எப்படி இருந்தது என்று எங்கள் கேஸ் ஷீட்டில் புரட்டினேன். பல்ஸ், பி.பி., எல்லாம் இருந்தது, நரம்புச் சோதனை இல்லை. டாக்டரம்மா எழுதிய அந்த ஒரு வரி மட்டும்தான் சான்று. அதை வைத்துத்தான் "அடிபட்டபோதே நரம்பு வாங்கியிருக்குதும்மா, மெதுவாத்தான் வரும்" என்று சொல்ல முடிந்தது.

பிறகு

ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமலிருக்க மறுநாளே ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும். மூன்று மாதம் இரண்டும், அதற்குப்பின் ஆஸ்பிரின் மட்டும். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு. ஸ்டென்ட் விலை லட்சத்தைத் தாண்டும். நாலு பேர் பட்டறைக்கு ஈ.எஸ்.ஐ. வராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தது. ஃபோலி விலை நூறு, நூற்றைம்பது ரூபாய்.

ஆறு வாரத்திலும் ஆறு மாதத்திலும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தோம். ரத்தம் நன்றாக ஓடுகிறது, காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. வலது கையில் பி.பி. 126, இடதில் 120. மணிக்கட்டைத் தூக்க நாலாம் மாதம் வந்தது. சட்டைப் பொத்தானை இடது கையால் போடுகிறான். தலைக்கு மேல் எதையாவது எடுத்தால் மட்டும் நடுங்குகிறது. பட்டறைக்கே திரும்பிவிட்டான், அளவெடுப்பதும் பில் போடுவதும் அவன் வேலை.

டாக்டரம்மா இரண்டு முறை போன் செய்தார். "சார், அந்தப் பையன் எப்படி இருக்கான்?" இரண்டாவது முறை அவனையே பேச வைத்தேன்.

அறுவை நண்பர் இன்னும் சமாதானமாகவில்லை. எந்தத் தமனியில் எவ்வளவு நீளம் நல்லதாக இருக்கிறது, பைபாஸ் போட நேர்ந்தால் எங்கே இணைக்கலாம் என்று சி.டி.யிலிருந்து அளந்து, தன் கையெழுத்தில் எழுதிப் பையனின் ஃபைலில் பின் செய்து வைத்திருக்கிறார். ஒரு வருட ஸ்கேன் வரும் தை மாதம்.